கடவுள் நம்பிக்கை: ஊன்றுகோலா? உண்மையா?

மலேசியாவில் பள்ளிக்குச் சென்ற ஒவ்வொருவரும் சபைகூடலில் வலக்கையை உயர்த்தித் தேசியக் கோட்பாட்டை ஒப்புவித்திருப்போம். அதன் ஐந்து கூறுகளுள் முதலாவது, இறைவன் மீது நம்பிக்கை வைத்தல். 1969 மே கலவரத்தின் காயம் ஆறாத நிலையில், 1970 ஆகஸ்டு 31ஆம் நாள் அக்கோட்பாடு அறிவிக்கப்பட்டது. அதிர்ச்சிக்குள்ளான ஒரு நாடு தன்னை நிலைநிறுத்திக்கொள்ள எழுதிய முதல் வரியே இறை நம்பிக்கைதான்! நாட்டுக்கே அப்படியென்றால் தனிமனிதனுக்குச் சொல்லவா வேண்டும்?

பல்கலைக்கழகத்திற்கு வந்த பின்னர் வேறொரு குரலையும் கேட்கிறோம். “கடவுளாவது ஒன்றாவது! துன்பத்தைத் தாங்க முடியாத மனம் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஆறுதல்தான் அது. உளவியல் இதை எப்போதோ சொல்லிவிட்டது” என்று விடுதி அறைகளில் நள்ளிரவு தாண்டியும் வாதம் நடக்கிறது. இப்படிச் சொன்னவர் தாம் வென்றுவிட்டதாக நினைக்கிறார். கேட்டவரோ தம் தாயையே பழித்துவிட்டதுபோல் முகம் சிவக்கிறார்.

இருவருமே அவசரப்படுகிறார்கள் என்பது என் கருத்து. கடவுள் நம்பிக்கை துன்பத்தைச் சமாளிக்க மனிதன் பற்றிக்கொள்ளும் ஊன்றுகோல் என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால், அதனால் கடவுள் இல்லை என்றும் ஆகிவிடாது. இருக்கிறார் என்றும் ஆகிவிடாது. நாம் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி இது: அந்த ஊன்றுகோல் நம்மை நடக்க வைக்கிறதா, உட்கார வைக்கிறதா?

அச்சத்தில் பிறந்த நம்பிக்கை

முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தை நேர்மையாகக் கேட்போம். உளப்பகுப்பாய்வின் தந்தை சிக்மண்ட் ஃபிராய்டு 1927இல் ‘ஒரு மாயையின் எதிர்காலம்’ என்ற நூலை வெளியிட்டார். இயற்கையின் சீற்றத்திற்கும் மரணத்திற்கும் முன்னால் மனிதன் குழந்தையைப் போல் கையற்று நிற்கிறான். குழந்தைப் பருவத்தில் தன்னைக் காத்த தந்தையை வானத்தில் தேடுகிறான். சமயத்தின் வேர் இதுதான் என்றார் ஃபிராய்டு.

அவருக்குச் சற்று முன்னர், 1925இல், மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி இதற்கு ஒத்த ஒன்றை எழுதினார். பசிபிக் பெருங்கடலின் திரோபிரியாண்ட் தீவுகளில் வாழும் மீனவர்கள், அமைதியான உட்கடற்காயலில் மீன்பிடிக்கும்போது மந்திரச் சடங்கு எதுவும் செய்வதில்லை. அதே மீனவர்கள் ஆபத்தும் நிச்சயமின்மையும் நிறைந்த திறந்த கடலுக்குப் புறப்படும்போது விரிவான சடங்குகளைச் செய்கிறார்கள். எங்கே மனிதனின் திறமை போதவில்லையோ அங்கே சடங்கு வந்து சேர்கிறது!

இதை அறியப் பசிபிக் வரை போக வேண்டியதில்லை. வாரப் பயிற்சிக்கு யாரும் தேங்காய் உடைப்பதில்லை, எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வுகள் நெருங்கும்போதுதான் பேனாக்களும் அனுமதிச் சீட்டுகளும் கோயிலுக்குப் போகின்றன.

நம் முன்னோரின் வரலாறும் இதற்குச் சான்று. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வரும் வரையிலும், பின்னர் 1938 வரை கங்காணிகள் வழியாகவும் மலாயாவுக்கு வந்த தமிழர்கள், காட்டை அழித்து ரப்பர் நட்டார்கள். மலேரியாக் காய்ச்சலில் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டவர்களுள் பல்லாயிரவர் திரும்பவேயில்லை. கணவனை அனுப்பிவிட்டு லயத்து வீட்டில் காத்திருந்த பெண் யாரிடம் முறையிட்டிருப்பாள்? துரையிடமா? கங்காணியிடமா? தோட்டத்து மாரியம்மனும் எல்லையில் நின்ற முனியாண்டியும்தான் அவளுக்கு மறுக்காமல் செவி கொடுத்தார்கள். அந்த நம்பிக்கையை ‘சமாளிப்பு உத்தி’ என்று அழைப்பதில் இழிவு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அது இல்லாதிருந்தால் அவள் எப்படிப் பிழைத்திருப்பாள் என்றே எண்ணத் தோன்றுகிறது.

தேவைப்படுவதெல்லாம் பொய்யா?

ஆனால் இங்கேதான் நம் பகுத்தறிவு நண்பர்கள் ஒரு படியைத் தாண்டிக் குதிக்கிறார்கள். ‘இந்த நம்பிக்கை அச்சத்திலிருந்து வந்தது, ஆகவே பொய்’ என்கிறார்கள். இருட்டைக் கண்டு அஞ்சும் குழந்தை அம்மாவைத் தேடி அழுகிறது. அழுகைக்குக் காரணம் அச்சம் என்பதால் அம்மா இல்லை என்றாகிவிடுமா? அதுபோலவே, குழந்தை அழுவதால் மட்டும் அம்மா அடுத்த அறையில் இருக்கிறார் என்றும் சொல்லிவிட முடியாது. அறைக்குள் போய்ப் பார்த்தால்தான் தெரியும். அழுகையை ஆராய்ந்து அம்மாவைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

வியப்பு என்னவென்றால், ஃபிராய்டே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார். மாயை என்பதும் பிழை என்பதும் ஒன்றல்ல என்று அதே நூலில் அவர் விளக்குகிறார். விருப்பத்திலிருந்து பிறக்கும் நம்பிக்கையே மாயை. அது உண்மையாகவும் இருந்துவிடலாம். எளிய குடும்பத்துப் பெண் ஒருத்தி, இளவரசன் வந்து தன்னை மணப்பான் என்று நம்புகிறாள். அரிதாக அப்படி நடந்தும் இருக்கிறது என்கிறார். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1902இலேயே, சமய அனுபவத்தை அதன் வேரைக் கொண்டு எடைபோடாதீர்கள், கனியைக் கொண்டு எடைபோடுங்கள் என்ற கருத்தை முன்வைத்துவிட்டார்.

மேலும், இந்தக் கத்தி இருபுறமும் வெட்டும். பால் விட்ஸ் என்ற உளவியலாளர் 1999இல் வெளியிட்ட நூலில், புகழ்பெற்ற நாத்திகர் பலர் தந்தையை இழந்தவர்கள் அல்லது தந்தையால் வெறுப்புற்றவர்கள் என்று காட்டி, நாத்திகத்திற்கும் ஓர் உளவியல் காரணம் கற்பித்தார். அதைப் படித்துவிட்டு எந்த நாத்திகராவது கோயிலுக்குப் போவாரா? போகமாட்டார், போகவும் தேவையில்லை. அவருக்குக் காட்டும் அதே நியாயத்தை நம்பிக்கையாளருக்கும் காட்டுவதுதான் முறை.

நம் மரபு இதில் வெட்கப்பட்டதே இல்லை. சமண சமயத்தில் இருந்த திருநாவுக்கரசர் சூலை நோயால் துடித்தார். தமக்கை திலகவதியாரிடம் வந்தார். திருவதிகையில் பாடி நோய் நீங்கினார். சேக்கிழார் இதை மறைக்கவில்லை. பெரியபுராணத்தில் விரிவாகவே பாடினார். வயிற்று வலியில் தொடங்கிய பக்தி என்று யாரும் அப்பரின் தேவாரத்தை ஒதுக்கிவிடவில்லையே!

அம்மை போனது; அம்மன் இருக்கிறாள்

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பெரியம்மை வந்த வீட்டில் வேப்பிலை கட்டி மாரியம்மனை வேண்டியவர்கள் நம் பாட்டிமார். 1980ஆம் ஆண்டு மே மாதம் உலகச் சுகாதாரப் பேரவை, பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவித்தது. ஒழித்தது தடுப்பூசி. நம்பிக்கை வெறும் நோய் அச்சத்திற்கான மருந்து மட்டும் என்றால், நோய் போன பிறகு மாரியம்மன் கோயில்கள் வெறிச்சோடியிருக்க வேண்டாமா? இன்றும் தீமிதி நடக்கிறது, கூழ் ஊற்றுகிறார்கள், வெளியூரில் வேலை செய்யும் பேரப்பிள்ளைகளும் திருவிழாவுக்கு ஊர் திரும்புகிறார்கள்.

நம்பிக்கை ஒரு வேலையோடு நின்றுவிடுவதில்லை என்பதே இதற்குப் பொருள். அது உறவாகிறது, நினைவாகிறது, ஊராகிறது. பத்துமலையில் 272 படிகளைக் காவடியோடு ஏறுபவரைக் கேட்டால், தம் வேண்டுதலைச் சொல்வார். கூட வந்த தம்பியையும் மச்சானையும் பற்றியும் சொல்வார்.

மொரீஷியஸ் தீவில் நம்மைப் போலவே தைப்பூசக் காவடி எடுக்கும் தமிழ் வம்சாவளியினர் இருக்கிறார்கள். அங்கு நடந்த ஆய்வொன்று 2013இல் வெளிவந்தது. கூட்டு வழிபாட்டில் மட்டும் கலந்துகொண்டவர்களைவிடக் காவடி எடுத்தவர்கள் தங்களிடம் கொடுக்கப்பட்ட பணத்தில் அதிகத்தைக் கோயிலுக்கு நன்கொடையாகக் கொடுத்தார்கள். உடன் நடந்தவர்களும் தாராளமாகவே கொடுத்தார்கள். 2019இல் வந்த மற்றோர் ஆய்வில், அலகு குத்தியவர்களின் உடல்நலம் கெடவில்லை என்றும், நோயும் வறுமையும் உடையவர்களே அதிக வேதனையை ஏற்று அதிக மனநிறைவை அடைந்தார்கள் என்றும் தெரிந்தது. ஊன்றுகோல்தான், ஆனால் அதைப் பலர் சேர்ந்து பிடித்திருக்கிறார்கள்.

இரண்டு ஊர்கள்

இத்துடன் கட்டுரையை முடித்தால் நம்பிக்கையாளர்கள் மகிழ்வார்கள். ஆனால் ஊன்றுகோல் ஒருவனை வீழ்த்தவும் கூடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2001 ஆகஸ்டு 6ஆம் நாள் தமிழ்நாட்டின் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் மாண்டனர். அதற்கு அடுத்த ஆண்டு, பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் தலைமையில் நடந்த ஓர் ஆய்வு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. அதே தமிழ்நாட்டில், வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கிய மனநோயாளிகள் 31 பேரை அவர்கள் ஆராய்ந்தார்கள். நோயின் அறிகுறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. அங்கே பேயோட்டும் சடங்கு எதுவும் இல்லை. நோயாளியோடு குடும்பத்தார் ஒருவர் தங்கினார். சிறு சிறு கோயில் வேலைகள் இருந்தன. யாரும் கேலி செய்யவில்லை. 31 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆயினும் இரண்டு ஊர்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் மக்களை அழைத்து வந்தது நம்பிக்கையே. ஓரிடத்தில் துணை கிடைத்தது. மற்றோரிடத்தில் சங்கிலி கிடைத்தது.

உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் இந்த வேறுபாட்டைத்தான் தம் வாழ்நாள் ஆய்வாகக் கொண்டார். ‘இறைவன் என்னோடு இருக்கிறார், நானும் முயல்வேன்’ என்பது ஒரு வகை. ‘இறைவன் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார்’ என்பது மற்றொரு வகை. 55 வயதும் அதற்கு மேலும் ஆன 596 நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்த அவருடைய 2001ஆம் ஆண்டு ஆய்வில், இரண்டாம் வகையாக எண்ணியவர்களுக்கு இறப்பின் அபாயம் கூடுதலாக இருந்தது.

நம் வீட்டில் நாம் சொல்வது எந்த வகை?

மாணவர் ஒருவர் வாரக்கணக்கில் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, வகுப்புக்கும் வரவில்லை. “சனி பிடித்திருக்கிறது”, “போன பிறவிப் பாவம்”, “யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்” என்கிறோம். கோயிலில் விளக்கேற்றச் சொல்கிறோம்; தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும் இதே அறிவுரை வேறு சொற்களில் கிடைக்கிறது. விளக்கேற்றுவதில் தவறில்லை. ஆனால் விளக்கு ஏற்றியாயிற்று என்பதற்காக மருத்துவரிடம் போகாமல் இருப்பது தவறு. நோயாளியின் தலையில் பாவச் சுமையையும் ஏற்றுவது கொடுமை.

தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவை மலேசிய நாடாளுமன்றம் 2023இல் நீக்கியது. சிங்கப்பூரில் 2020இலேயே அது நீங்கிவிட்டது. சட்டமே துன்புறுபவரைக் குற்றவாளியாகப் பார்ப்பதை விட்டுவிட்டது. நாம் மட்டும் அவரைப் பாவியாகப் பார்க்கலாமா?

1929 டிசம்பரில் தந்தை பெரியார் மலாயாவுக்கு வந்தார். கடவுளைக் காரணம் காட்டி மனிதனை மனிதன் அடக்குவதை அவர் கேள்வி கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் நமக்குத் தேவை. ஆனால், பிள்ளையை இழந்த தாய் ஒருத்தி பூசையறையில் அழும்போது, ‘இது வெறும் உளவியல்’ என்று விளக்கம் சொல்வது பகுத்தறிவன்று. அவள் ஊன்றுகோலைப் பிடுங்க விரும்புகிறவர் முதலில் தம் தோளைக் கொடுக்கட்டும்.

பக்தி மிக்க நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தெய்வத்தால் ஆகாவிட்டாலும் முயற்சி தன் கூலியைத் தந்தே தீரும் என்பது வள்ளுவர் வாக்கின் சாரம். ‘சாமியைக் கும்பிடு, சரியாகிவிடும்’ என்று சொல்லி நண்பனை அனுப்பிவிடாதீர்கள். கோயிலுக்கு அவனோடு போங்கள். மறுநாள் காலை பல்கலைக்கழக ஆலோசனை மையத்திற்கும், தேவையானால் மனநல மருத்துவரிடமும் அவனோடு போங்கள்.

கடவுள் இருக்கிறாரா என்ற வாதம் அடுத்த தலைமுறை மாணவர்களின் விடுதி அறைகளிலும் தொடரட்டும். அந்த அறையின் மூலையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் நண்பனைக் கவனிக்கும் கடமை மட்டும், வாதம் முடியும் வரை காத்திருக்காது.