"ஃபார்மேட்டிங் மட்டும்தானே?"

பொட்டி தட்டும் எந்த ஆபீசிலும் கேட்கும் வசனம் இது. மானுவலில் யாராவது எழுத்துருவைத் திருத்தினால், மேற்கோள் குறியை மாற்றினால், "வேற ஆணி இல்லையா?" என்று ஒரு நக்கல். மற்ற ஆவணங்களில் எப்படியோ போகட்டும். கோப்புக்குப் பெயர் வைப்பது பற்றிய ஆவணத்தில் ஃபார்மேட்டிங்தான் விஷயமே.

விண்டோஸ் கோப்புப் பெயரில் ஆகாத குறிகள் ஒன்பது: < > : " / \ | ? *. இதை மார்க்டவுனில் கோட் எழுத்துரு போடாமல் எழுதிப் பாருங்கள். நீண்ட பாதைகளுக்கு முன்னால் போடும் \\?\ என்பதில் ஒரு சாய்கோடு காணாமல் போகும். | போட்டால் அட்டவணை இரண்டாகப் பிளக்கும். கோணக் குறிக்குள் ஆங்கிலத்தில் போட்ட மாதிரிப் பெயரை எச்டிஎம்எல் என்று நினைத்து உலாவி விழுங்கிவிடும். நேர் மேற்கோளை 'அழகாக' வளைத்துத் தரும் மென்பொருள்கள் வேறு. வளைந்த மேற்கோளை விண்டோஸ் தாராளமாக ஏற்கும், நேரானதைத்தான் மறுக்கும். ஆக, படிப்பவர் கற்றுக்கொள்வது தப்பான விதி. இதற்குப் பெயர் அலங்காரமா?

சரி, நம்ம ஊர் கதைக்கு வருவோம். திருவனந்தபுரத்திலிருந்து விதுரை வழியாகப் பொன்முடி ஏறுகிறவர்களுக்குக் கல்லாறு தெரியும். கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிப்பதற்கு முன்னால் வரும் ஊர். அங்கே எடுத்த படங்களை 'கல்லாறு', 'பொன்முடி' என்று இரண்டு ஃபோல்டரில் போடுகிறீர்கள்.

கல்லாறு நம் கண்ணுக்கு 4 எழுத்து. யூனிகோடில் 7 குறியீடு, யூடிஎஃப்-8இல் 21 பைட். இணைய முகவரியில் சதவீதக் குறிகளோடு போனால் 63 எழுத்து! பொன்முடியும் 4 எழுத்துதான், ஆனால் வில்லங்கம் அதில்தான். 'பொ'வில் இருக்கும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ்+ பிரித்து வைத்தது. லினக்ஸ் வந்த பைட்டை அப்படியே வைக்கும். அதனால் ஒரே ஃபோல்டரில் இரண்டு 'பொன்முடி' உட்கார்ந்திருக்கும், தேடினால் ஒன்றுதான் அகப்படும். பேக்கப் எடுக்கிற ஸ்கிரிப்ட் இரண்டையும் வேறு வேறு என்று எண்ணும்.

இன்னொன்று. என்டிஎஃப்எஸ் 255 யூடிஎஃப்-16 அலகு அனுமதிக்கும். லினக்ஸின் எக்ஸ்ட்4 அனுமதிப்பது 255 பைட். ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒன்று. தமிழுக்கோ மூன்றால் வகுத்தால் 85 குறியீடு, அதாவது கண்ணுக்கு இன்னும் குறைவான எழுத்துகள். விண்டோஸில் நன்றாக இருந்த நீளமான தமிழ்ப் பெயர் சர்வருக்குப் போகும்போது "பெயர் நீளம்" என்று அடம்பிடிக்கும்.

இதையெல்லாம் சொல்ல வேண்டிய மானுவல் என்ன சொல்கிறது? "அதிகபட்சம் 255 எழுத்து." எந்த எழுத்து ஐயா? பைட்டா, குறியீடா, கண்ணுக்குத் தெரியும் எழுத்தா? சில ஆவணங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், "ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் பயன்படுத்துக" என்று முடித்துவிடும். இங்கே ஜெர்மனியில் உம்லாட் வைத்த பெயருக்கும் இதே பிரித்து வைக்கும் தலைவலி உண்டு. ஆனால் "உங்க மொழியை விட்டுடுங்க" என்று சொன்னால் சும்மா இருப்பார்களா? நாம் மட்டும் 'கல்லார்1', 'கல்லார்புதுசு' என்று ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டு, பத்து வருஷம் கழித்து எது என்ன என்று முழிக்கிறோம்.

பழைய கணினிக்கு ஆங்கிலமே பாதுகாப்பு என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் அந்தக் காரணத்தை எழுதுங்கள். எந்தக் கணினி, எந்த வரம்பு என்று போடுங்கள். காரணம் இல்லாத விதி மூடநம்பிக்கை மாதிரி, கணினி மாறினாலும் அது மாறாது.

ஆகவே மக்களே, அடுத்த முறை ஒருவர் மானுவலில் 'எழுத்து' என்பதை 'பைட்' என்று மாற்றி, குறிகளுக்குக் கோட் எழுத்துரு போட்டு, ஒரு தமிழ் உதாரணமும் சேர்த்து அனுப்பினால் "சின்ன திருத்தம்" என்று ஒதுக்காதீர்கள். யாரோ ஒருவருடைய பொன்முடிப் படங்கள் அதில்தான் பிழைக்கின்றன.