கடல் எல்லையின் காவல்

தாம்பரம், பல்லாவரம், மீனம்பாக்கம் முதலிய ஊர்வாசிகளுக்கு ஆகாய விமானங்களின் இரைச்சல் புதிதன்று. அவற்றில் பெரும்பாலானவை பிரயாணிகளை ஏற்றிச் செல்பவை. ஆனால் இரட்டை விசிறி பொருந்திய சிறிய டார்னியர் விமானம் மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பிக் கடலை நோக்கிப் போவதைக் கவனித்தவர்களும் உண்டு. அது இந்தியக் கடலோரக் காவல் படையின் விமானம். தேசத்தின் எல்லையைப் பார்வையிட அது போகிறது. எல்லை என்றவுடன் பனிமலையும் முள்வேலியும் ராஜஸ்தானத்துப் பாலைவனமுமே நமது ஜனங்களின் மனக்கண்ணில் தோன்றுகின்றன. நீலாங்கரையிலும் கோவளத்திலும் அலை வந்து மோதும் இடத்தில் எல்லைப் பிரதேசம் ஆரம்பமாகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் உணர்ந்திருக்கிறோம்?

எல்லைக் காவல் விஷயத்தில் நமது சர்க்கார் அடிபட்ட பிறகே விழித்துக்கொள்ளும் வழக்கம் உடையது. சீன யுத்தம் மூண்ட பின்னரே, 1962 அக்டோபர் 24-ந் தேதி, இந்தோ-திபேத்திய எல்லைப் போலீஸ் ஏற்பட்டது. நமது பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகளின் பயிற்சி ஸ்தாபனம் 1963-ல் பிறந்ததும் அந்த யுத்தத்தின் விளைவாகத்தான். பாகிஸ்தான் எல்லையோ, சுதந்திரம் பெற்றுப் பதினெட்டு வருஷ காலம் பெரும்பாலும் அந்தந்த ராஜ்யத்து ஆயுதப் போலீஸாரின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தது. 1965 ஏப்ரல் 9-ந் தேதி கட்ச் பிரதேசத்து ஸர்தார் சாவடியைப் பாகிஸ்தான் துருப்புகள் தாக்கியபோது எதிர்த்து நின்றவர்கள் போலீஸ் படையினரே. அவர்களுடைய தீரம் போற்றத்தக்கது. அவர்களை அந்நிலையில் வைத்திருந்த ஏற்பாடு போற்றத்தக்கதன்று. அவ்வருஷம் டிஸம்பர் 1-ந் தேதி எல்லைப் பாதுகாப்புப் படை உதயமாயிற்று. அதன் முதல் டைரக்டர் ஜெனரல் ஸ்ரீ கே. எப். ருஸ்தம்ஜி. பிற்பாடு, கார்கில் யுத்தத்தை அடுத்து அமைந்த மந்திரிகள் குழு, ஓர் எல்லைக்கு ஒரே படை என்ற தத்துவத்தை 2001-ல் சிபாரிசு செய்தது. அதன்பின் பாகிஸ்தான், வங்காள தேச எல்லைகள் எல்லைப் பாதுகாப்புப் படைக்கும், சீன எல்லை இந்தோ-திபேத்தியப் போலீஸுக்கும், நேபாள பூட்டான் எல்லைகள் சசஸ்திர ஸீமா பலத்துக்கும், பர்மா எல்லை அஸ்ஸாம் ரைபிள்ஸுக்கும் உரியவையாயின.

கடலின் கதை இதைவிடத் தாமதமானது. 1974-ம் வருஷத்து ஒப்பந்தம் கச்சத்தீவை இலங்கையின் பக்கத்தில் விட்டுப் பாக் ஜலசந்தியில் எல்லைக்கோடு வகுத்தது. 1976 ஒப்பந்தம் அந்தக் கோட்டை மன்னார் வளைகுடாவுக்கு நீட்டியது. அதே வருஷத்தில் நிறைவேறிய சட்டம் 200 கடல் மைல் வரையிலுள்ள பொருளாதார உரிமையை நமதென்று பிரகடனம் செய்தது. கோடு கிழித்தாகிவிட்டது, காவற்காரன்தான் இல்லை. கள்ளக்கடத்தற்காரர்கள் தங்கத்தைப் படகு படகாக இறக்கிக்கொண்டிருந்தனர். சுங்க இலாகாவிடம் போதிய கலங்கள் கிடையா. கடற்படைக்கோ யுத்த காரியமே பிரதானம். இதற்குப் பரிகாரம் காண 1974-ல் நியமிக்கப்பட்ட கமிட்டிக்குத் தலைமை வகித்தவரும் அதே ருஸ்தம்ஜிதான். தரை எல்லைக்குப் படை திரட்டிய போலீஸ் அதிகாரியே கடல் எல்லைக்கும் வழி வகுத்தார் என்பது நமது சரித்திரத்தின் விசித்திரங்களில் ஒன்று. கடற்படை கொடுத்த இரண்டு பழைய போர்க்கப்பல்களையும் ஐந்து ரோந்துப் படகுகளையும் கொண்டு 1977 பிப்ரவரி 1-ந் தேதி இடைக்கால அமைப்பு ஒன்று தொடங்கிற்று. 1978 ஆகஸ்டு 18-ந் தேதி சட்டம் அமலுக்கு வந்து, கடலோரக் காவல் படை தனி ஸ்தாபனமாயிற்று.

இப்படை உள்நாட்டு மந்திரியின் கீழ் இல்லை; ராணுவ மந்திரியின் கீழ் உள்ளது. ஐந்து பிராந்தியங்களாகப் பிரிக்கப்பட்ட அதன் கிழக்குப் பிராந்தியத்தின் தலைமைக் காரியாலயம் சென்னையில் இருக்கிறது. அதன் டைரக்டர் ஜெனரல் பதவி பல்லாண்டுகள் கடற்படை அதிகாரிகளுக்கே அளிக்கப்பட்டு, 2016-ல்தான் அப்படையிலேயே வளர்ந்த அதிகாரி ஒருவருக்குக் கிட்டியது. தன் வீட்டைத் தானே ஆள்வதற்கு ஏறக்குறைய நாற்பது வருஷம் பிடித்தது!

2008 நவம்பரில் கொலைகாரர்கள் மீன்பிடி படகு ஒன்றைக் கைப்பற்றி அதிலேறி பம்பாய்க்குள் நுழைந்த பிறகு கடலோரப் பாதுகாப்பின் பெரும்பொறுப்பு 2009-ல் இப்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. கரையை ஒட்டிய நீர்ப்பரப்பில் ராஜ்யப் போலீஸ் அதற்குத் துணை நிற்கிறது. தமிழ்நாடு 1994-லேயே இதற்கென ஒரு போலீஸ் பிரிவை அமைத்திருந்தது என்பதைக் குறிப்பிடவேண்டும்.

இந்தச் சேவை லேசானதன்று. 2015 ஜூன் 8-ந் தேதி மாலை மூன்று பேருடன் சென்னையிலிருந்து ரோந்துக்குக் கிளம்பிய டார்னியர் திரும்பி வரவில்லை. ஒரு மாதம் கழித்துக் கடலூருக்கு அப்பால் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் அகப்பட்டன. அடுத்த வருஷம் ஜூலை 22-ந் தேதி தாம்பரம் விமானத் தளத்திலிருந்து போர்ட் பிளேயருக்குப் புறப்பட்ட ஏ.என்.-32 விமானம் 29 பேருடன் மறைந்தது. அவர்களில் கடலோரக் காவல் படையினர் ஒருவரும் இருந்தார். ஏழரை வருஷங்களுக்குப் பிறகு, 2024 ஜனவரியில், சென்னைக் கரையிலிருந்து 310 கிலோமீட்டர் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் தென்பட்டதாக அறிவிக்கப்பட்டது. கண்டுபிடித்தது தாம்பரத்துக்கு அருகிலேயே பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப ஸ்தாபனத்தின் ஆழ்கடல் யந்திரம். அக்குடும்பங்கள் காத்திருந்த வருஷங்களை யார் ஈடுசெய்வார்?

இத்தகைய தியாகம் செய்யும் படைகளுக்கும் நமது மீனவருக்கும் இடையே மனத்தாங்கல் இருப்பது நமக்கு மிகுந்த விசனத்தை அளிக்கிறது. 2017 நவம்பரில் ராமேசுவரம் மீனவர்கள், காவல் படையின் கப்பல் ஒன்றிலிருந்து தங்கள்மீது சுட்டார்கள் என்றும், ஹிந்தி பேசத் தெரியாததற்காகத் தங்களை அடித்தார்கள் என்றும் முறையிட்டனர். சுடவில்லை என்று படையினர் மறுத்தனர். 2022 அக்டோபர் 21-ந் தேதி பாக் ஜலசந்திப் பிரதேசத்தில், எச்சரித்தும் நிற்கவில்லை என்று கூறி நமது கடற்படையே ஒரு படகின்மீது சுட்டது. தமிழ் மீனவர் ஒருவர் படுகாயமடைந்தார். இலங்கைக் கடற்படையின் கையில் படும் துன்பம் போதாதென்று, சொந்த தேசத்தின் குண்டுக்கும் அவர்கள் அஞ்சவேண்டுமா? இருட்டில் ஒலிபெருக்கியில் கூவும் எச்சரிக்கை படகிலிருப்பவனுக்கு விளங்காத பாஷையில் இருந்தால் அது எச்சரிக்கையாகுமா?

கடலோரப் பாதுகாப்பின் கண்ணும் காதும் மீனவர்களே என்று அதிகாரிகள் மேடைதோறும் கூறுகிறார்கள். கண்ணையும் காதையும் கேட்பவர்கள் அவர்களுடைய கையை ஏன் ஏற்றுக்கொள்ளவில்லை? இப்படையில் பொதுப்பணி நாவிகராகச் சேரக் கணிதமும் பௌதிகமும் படித்துப் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருக்கவேண்டும். கோவளத்திலோ கானாத்தூரிலோ பிறந்து, பத்து வயதில் தந்தையுடன் கட்டுமரமேறி, காற்றின் போக்கையும் நீரோட்டத்தையும் அறிந்த இளைஞன் இந்த வாசற்படியிலேயே தடுக்கப்படுகிறான். பத்தாம் வகுப்புத் தேறியவனுக்கு உள்ள இடமோ சமையலும் பரிமாறுதலும் போன்ற பணிகளே. மீனவர் பிள்ளைகளை இப்பரீட்சைகளுக்குத் தயார் செய்யத் தமிழ்நாட்டுக் கடலோரப் போலீஸ் பயிற்சி வகுப்புகள் நடத்தியிருப்பதை மனமார வரவேற்கிறோம். ஆனால் பௌதிகப் பாடம் எடுக்காதவனுக்கு அந்த வகுப்பாலும் பயனில்லை.

யந்திரம் இயக்குபவனுக்குப் பௌதிகம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கடலறிவையும் ஒரு தகுதியாக எண்ணி, மீன்பிடிக் குடும்பத்து இளைஞர்களுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தி, படையில் சேர்த்துக்கொண்ட பின் ஒரு வருஷம் பாடம் கற்பிக்கலாமென்றே சொல்லுகிறோம். தமிழ்நாட்டுக் கடலில் ரோந்து செல்லும் ஒவ்வொரு கலத்திலும், தமிழ் பேசத் தெரிந்த ஒருவர் ஒலிபெருக்கியருகே இல்லாமல் அது துறைமுகத்தை விட்டுக் கிளம்பக்கூடாது என்று உத்தரவு பிறக்கவேண்டும். இதற்குச் சட்டத் திருத்தமும் வேண்டாம், பெரும் பணமும் வேண்டாம். நமது பார்லிமெண்டு அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்திலேயே ராணுவ மந்திரியிடம் இதைப்பற்றிக் கேள்வி கேட்கவேண்டும். தாம்பரம் முதல் கோவளம் வரையிலுள்ள தேச ஊழியர்களுக்கும் வேலை உண்டு. அந்த வட்டாரத்தில் கலாசாலைகளுக்கும் படித்த வாலிபர்களுக்கும் குறைவில்லை. குப்பங்களில் மாலை வேளையில் கணிதமும் பௌதிகமும் கற்பிக்க அவர்களில் பத்துப் பேர் முன்வந்தால் அடுத்த ஆள்சேர்ப்புக்குள் ஓர் அணி தயாராகிவிடும்.