வெள்ளை அரிசியும் எந்திரக் கண்ணும்

கடையில் அடுக்கியிருக்கும் அரிசி மூட்டைகளில் 'சார்டெக்ஸ்' என்று அச்சிட்டிருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அது நெல் ரகத்தின் பெயரன்று. அரிசியை நிறம் பார்த்துப் பிரிக்கும் எந்திரத்தின் வணிகப் பெயர்.

ஆலையில் அரிசி சரிவான தகட்டின் வழியே வழுக்கி விழுகிறது. விழும்போதே மின்னணுக் கண் ஒன்று மணிகளை விளக்கொளியில் பார்க்கிறது. கறுத்த மணியோ கல்லோ தென்பட்டால், கண்ணிமைக்கும் நேரத்திற்குள் காற்று பீய்ச்சி அதை ஒதுக்கிவிடுகிறது. முறத்தில் வைத்துக் கல் பொறுக்கும் வேலை மிச்சம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வெண்மைதான் தரம் என்று நாம் நினைக்கிறோமே, அதுதான் குறை.

தவிடு பழுப்பு நிறமுடையது. நீல ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். தீட்டத் தீட்டத் தவிடு நீங்கி, அரிசி எதிரொளிக்கும் ஒளி கூடுகிறது. வெண்மைமானி அளப்பது இதைத்தான். ஆனால் தவிட்டோடு தயாமின் என்னும் வைட்டமின் பி-1 போய்விடுவதை அந்தக் கருவி சொல்வதில்லை. 1890களில் ஜாவாவில் டச்சு மருத்துவர் எய்க்மான், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தீட்டாத அரிசி கொடுத்ததும் தேறுவதையும் கண்டார். பெரிபெரி நோயின் காரணம் புலப்படத் தொடங்கியது அப்போதுதான். 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் தீட்டவே கூடாதா? தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத அரிசி சீக்கிரம் காறிப்போகும், வேகவும் நேரமாகும். ஆகவே அளவோடு தீட்ட வேண்டும். "போதும், நிறுத்து" என்று சொல்லவும் இதே ஒளிக் கண்ணைப் பயன்படுத்தலாமே! நிறத்துக்கு அப்பாலும் அதனால் பார்க்க முடியும். அண்மை அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு தானியத்தின் ஈரப்பதத்தை அளக்கும் முறையை, அமெரிக்க வேளாண்மைத் துறையில் காரல் நாரிஸ் 1960களிலேயே வளர்த்தெடுத்தார்.

மாப்பிள்ளைச் சம்பாவின் சிவப்பு அதன் தவிட்டில் இருக்கிறது. வெள்ளை அரிசிக்கென்று அமைத்த எந்திரம் அந்தச் சிவப்பு மணியைக் 'குறை' என்று தள்ளிவிடும். தவறு எந்திரத்தினுடையதா? எதைத் தேட வேண்டும் என்று அதற்குச் சொல்பவர் ஆலைக்காரர். ஆலைக்காரருக்குச் சொல்பவர்கள் வாங்குகிற நாம்.

அடுத்த முறை வீட்டில் அரிசி வாங்கும்போது, "இது எவ்வளவு வெள்ளை?" என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள். "எவ்வளவு தீட்டியது?" என்றும் கேளுங்கள்.