ஓவியம் இருந்தால் போதுமா?



"ஓவியந்தான் இருக்கிறதே, பழைய காட்சிப் பட்டியல்களைக் கட்டிக்கொண்டு என்ன செய்வது?" என்று கேட்போர் நம்மிடையே பலர். இக்கருத்தை நான் வன்மையாக மறுக்கிறேன்.

சிங்கப்பூரின் மெய்ம்மையிய ஓவியர்கள் 1956-இல் ஈக்குவேட்டர் கலைக் கழகத்தைத் தோற்றுவித்தனர். உழைக்கும் மக்களை உள்ளவாறே தீட்டினர். 1974-இல் கழகத்தின் பதிவு நீக்கப்பட்டது. அதன் உறுப்பினர் சுவா மியா டீ 1959-இல் வரைந்த 'தேசிய மொழி வகுப்பு' இன்று சிங்கப்பூர்த் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. அவ்வோவியத்தின் கரும்பலகையில் மலாய்மொழியில் இரண்டே வினாக்கள்: உன் பெயர் என்ன? நீ எங்கே வசிக்கிறாய்?

ஓவியத்திடமும் அவ்வினாக்களையே கேட்க வேண்டியுள்ளது. வரைந்தவர் யார், எந்தக் காட்சியில் இடம்பெற்றது, யார் கைக்குச் சென்றது? கழகம் கலைந்தபின் இவற்றுக்கு விடைதர வல்லவை காட்சி மலர்களும் கடிதங்களும் நிழற்படங்களும் நாளேட்டு நறுக்குகளுமே. அவை அழிந்தால் ஓவியம் எஞ்சும், வரலாறு எஞ்சாது.

நம் தமிழ்ப்பள்ளிகளில் நடப்பதென்ன? ஆண்டிறுதியில் மாணவர் ஓவியங்கள் சுவரிலிருந்து கிழித்தெடுக்கப்படுகின்றன. பெயர்ப்பட்டியலும் உடன் குப்பைக்குப் போகிறது. இடமில்லை என்பர். வெற்றிக் கோப்பைகளுக்குக் கண்ணாடி அலமாரி செய்ய மட்டும் இடம் எங்கிருந்து வந்தது?

ஒரு கோப்பு போதும். பெயர், வகுப்பு, ஆண்டு, தலைப்பு, ஒரு நிழற்படம். இதற்குப் பெரும்பணம் வேண்டா. மனம் இருந்தால் போதும். நம் பிள்ளைகளின் வரலாற்றை நாமே குப்பையில் கொட்டிவிட்டு, பிறர் நம்மைப் பதிவு செய்யவில்லை எனப் புலம்புவது முறையோ?

சிந்திப்போம், இவ்வாண்டே தொடங்குவோம்.