பொட்டி படுத்தும் பாடு - 6: நாலு ரேம் போட்ட கதை

மக்களே, ரெண்டு வாரமா ஆளைக் காணோமேன்னு தேடினீங்களா? (தேடலையா? சரி, விடுங்க.) பொட்டி மண்டையைப் போட்டுடுச்சு.

இங்க ஜெர்மனியில முதுகலை ஆய்வு முடியிற நேரம். சிமுலேஷனுக்கு 32 ஜிபி பத்தலைன்னு, இருந்த ரெண்டு ரேமோட அதே மாடல்ல இன்னும் ரெண்டு வாங்கிச் செருகினேன். டிடிஆர்5, அட்டையில 6000னு போட்டிருக்கும். பயாஸ்ல எக்ஸ்போவும் ஆன்.

அன்னிக்கு ராத்திரியே நீலத்திரை. ஒருநாள் 'மெமரி மேனேஜ்மென்ட்'டுன்னுச்சு, மறுநாள் வேற என்னமோ. நடுநடுவுல பிரவுசர் தானா மூடிக்கும். தடவைக்கு ஒரு காரணம் சொன்னா முதல்ல ரேமைத்தான் சந்தேகப்படணும். அடியேன் என்ன செஞ்சேன்? விண்டோஸை அழிச்சுட்டுப் புதுசாப் போட்டேன். ரெண்டு தடவை!

"அண்ணே, மெம்டெஸ்ட் ஓட்டிப் பாத்தீங்களா?"ன்னு கேட்டான் ரூம்மேட் தம்பி, மதுரைக்காரன். யூஎஸ்பில மெம்டெஸ்ட்86 போட்டு ஓட்டினா ரெண்டாவது சுத்துலயே பிழை கொட்டுது. ரேம் அவுட்டுன்னு நெனச்சு ஜோடி ஜோடியா மாட்டிப் பாத்தேன். ரெண்டு ஜோடியும் பாஸ்! நாலும் சேர்ந்தாத்தான் வம்பு.

அப்புறம்தான் உறைச்சுது. அட்டையில இருக்குற 6000ங்கிறது ஓவர்கிளாக் வேகம். எக்ஸ்போவை ஆன் பண்ணினா 1.1 வோல்ட்டுல ஓட வேண்டிய ரேமை 1.35க்கு ஏத்தி விரட்டுது. என்னோடது ரைசன் 7000. அதுக்கு ஏஎம்டி சொல்ற கணக்கே ரெண்டு ரேமுக்கு 5200, நாலு போட்டா 3600தான். ஒரே சேனல்ல ரெண்டு ரேம் தொங்கினா சிக்னல் தாங்காது. ஒரே மாடலா இருந்தாலும் தனித்தனியா வாங்கினதை யாரும் சேத்து வச்சு சோதிச்சதில்ல. படிக்காம செருகினது என் தப்புதான்.

எக்ஸ்போவை ஆஃப் பண்ணினேன். 3600. ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட், ஒரு பிழை இல்ல.

நீலத்திரையைக்கூட மன்னிச்சுடலாம்ங்க, அது சத்தம் போட்டுட்டுச் சாகுது. கிராஷ் ஆகாம சமத்தா முடிஞ்ச ஓட்டம் ஒண்ணை, சும்மா ஒரு சந்தேகத்துல திரும்ப ஓட்டினேன். அதே இன்புட், அதே சீட் நம்பர். விடை மூணாவது தசமத்துல வேற! அந்த எண்ணை ஏற்கெனவே மூணாவது அத்தியாயத்துல எழுதி, பேராசிரியருக்கும் அனுப்பியாச்சு. வயித்துல புளியைக் கரைச்சுது.

அவருக்கு உண்மையைச் சொல்லி மெயில் போட்டேன். ஒரே வரியில பதில்: எல்லாத்தையும் திரும்ப ஓட்டு.

மொத்தம் 19 ஓட்டம். 11 முடிஞ்சுது. பன்னிரண்டாவது ஓடிட்டிருக்கு, நான் ரசம் வைக்கப் போறேன்.