ஆல்பர்ட் மண்டபத்துக் காப்பி

வங்காளிக்குத் தேநீர் தெரியும், காப்பி தெரியாது என்பது இந்நகரில் குடியேறிய தமிழர் இல்லங்களில் வழிவழியாக வந்த நம்பிக்கை. ஊரிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் முதலில் இடம்பெறுவது காப்பிப்பொடி. பிறகுதான் அப்பளமும் ஊறுகாயும். அப்படியிருக்க, இந்நகரத்து அறிஞரும் கவிஞரும் மாணவரும் கூடுமிடங்களுள் தலையாயது எது என்று கேட்டால், எந்த வங்காளியும் காப்பியின் பெயரைக் கொண்ட ஒரு மாடியைத்தான் சுட்டுவார். கல்லூரித் தெருக் காப்பி ஹவுஸ்! நகரின் பெயர் 2001-ல் கொல்கத்தா என மாறிற்று. நம் வாய்க்கு அது இன்னும் கல்கத்தாதான். பெயர் எதுவாயினும், ராஷ்பிகாரி சாலையிலும் லேக் மார்க்கெட்டைச் சுற்றியும் வாழும் நம் குடும்பத்தாருள் அந்த மாடிப்படி ஏறியவர் மிகச் சிலரே. பிள்ளைகளின் பாடப்புத்தகம் வாங்க அத்தெருவுக்குப் பன்முறை சென்றவர்கூட, கீழே நின்று பேரம் பேசிவிட்டுத் திரும்பியிருப்பர்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை நாம் அங்கே சென்றோம். நம்முடன் இருவர் வந்தனர். ஒருவர் நாற்பது ஆண்டுகளாக இந்நகரில் வாழ்ந்து, அரசாங்க அலுவலிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர். மற்றவர் அங்கே எதிர்ப்புறத்திலேயே பிரசிடென்சியில் பயிலும் நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மகள். வழிகாட்டியாக வந்தது அப்பெண்தான்.

காளிகாட்டில் பாதாள ரயில் ஏறி, மகாத்மா காந்தி சாலை நிலையத்தில் இறங்கிக் கிழக்கே நடந்தால் சிறிது நேரத்தில் கல்லூரித் தெரு வந்துவிடும். தெருவின் இருமருங்கும் புத்தகம். நடைபாதையில் தகரக் கொட்டகைகளிலும் புத்தகம். பிரசிடென்சிக்கு எதிரே பங்கிம் சட்டர்ஜி தெருவுக்குள் திரும்பினால், கடைகளுக்கு நடுவே ஓர் அகன்ற பழைய படிக்கட்டு. சுவரெங்கும் கூட்ட அறிவிப்புகளும் சிற்றிதழ் விளம்பரங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கின்றன. மேலே ஏறுமுன்பே ஒலி கேட்கிறது. அதனை இரைச்சல் என்பதா, பேச்சு என்பதா? ஆயிரம் தேனீக்கள் ஒரே நேரத்தில் அரசியல் பேசினால் எழக்கூடிய ஒலி என்று சொல்லலாம்.

உள்ளே நுழைந்ததும் கண் மேலேதான் செல்கிறது. மிக உயர்ந்த கூரை. அதிலிருந்து நீண்ட தண்டுகளில் தொங்கும் மின்விசிறிகள். சுவரில் இரவீந்திரநாதரின் பெரிய உருவப்படம். மேல்மாடத்தில் சுற்றிலும் மேசைகள். அங்கே அமர்ந்து கீழ்க்கூடத்தை நாடகம் பார்ப்பதுபோலப் பார்க்கலாம். உணவகத்துக்கு இத்துணை உயரம் எதற்கு என்று பெரியவர் வினவினார். உணவகமாக இருக்கவேண்டி எழுந்த இடமன்று இது என்பதே விடை.

1876-ஆம் ஆண்டில் பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சேனரின் முயற்சியால் இங்கே ஆல்பர்ட் மண்டபம் தோன்றிற்று. ஆல்பர்ட் என்பது விக்டோரியா அரசியின் குடும்பத்துப் பெயர். பல வகுப்பாரும் ஒன்றுகூடிக் கல்வியும் நட்பும் வளர்க்க ஒரு மன்றம் வேண்டும் என்பது நோக்கம். அரசகுடும்பத்துப் பெயர் தாங்கிய மண்டபம் அரசுக்கு உவப்பான காரியம் ஒன்றையே செய்துகொண்டிருக்கவில்லை. அதே ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் சுரேந்திரநாத் பானர்ஜியும் ஆனந்தமோகன் போசும் இந்தியன் அசோசியேஷனை இங்கேதான் தோற்றுவித்தனர். அன்று காலை சுரேந்திரநாத்தின் மகன் இறந்திருந்தான். மாலையில் கூட்டம். புதிய சங்கம் வேண்டாம் என்று எதிர்ப்பு எழுமென்பது தெரிந்திருந்ததால், அவர் துயரத்தோடு வந்து பேசிச் சங்கத்தை நிலைநிறுத்தினார். இதனை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். சிவில் சர்வீஸ் தேர்வின் வயது வரம்பை ஆங்கில அரசு 21-லிருந்து 19-ஆகக் குறைத்தபோது, இந்திய இளைஞரின் வாயில் அடைபடுகிறதென்று ஊர் ஊராகச் சென்று முழங்கினாரே, அவ்வியக்கம் அச்சங்கத்தின் பெயரால் நடந்ததுதான். 1878-ல் அவர் நம் சென்னைக்கும் வந்தார். 1883 டிசம்பரில் இந்திய தேசிய மாநாடு கூடியதும் ஆல்பர்ட் மண்டபத்தில். காங்கிரஸ் மகாசபை பிறக்க அப்போது இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன.

இதைக் கேட்ட பெரியவர் சிறிது நேரம் வாளாவிருந்தார். பிறகு, “இவ்விடத்திலா பக்கோடா விற்கிறார்கள்?” என்றார்.

காப்பி இங்கே வந்த கதையும் சுவையானதே. குடகு, சிக்மகளூர், நீலகிரி, சேர்வராயன் மலைக் காப்பியில் பெரும்பகுதி அந்நாளில் கப்பலேறி ஐரோப்பா சென்றுவிடும். இரண்டாம் உலகப்போர் மூண்டதும் அச்சந்தை அடைபட்டது. கொட்டை தேங்கிற்று, தோட்டக்காரர் தவித்தனர். 1940-ல் அரசு ஒரு அவசரச் சட்டம் பிறப்பித்து, விளைச்சல் முழுவதையும் ஒரு வாரியத்தின் வழியே விற்க ஏற்பாடு செய்தது. 1942-ல் அது நிலையான சட்டமாயிற்று. வெளிநாட்டான் குடிக்காததை உள்நாட்டானைக் குடிக்கவைக்க வேண்டுமே! அதற்கென நகரங்களில் காப்பி நிலையங்கள் பெருகின. பம்பாய்ச் சர்ச்கேட்டில் 1936-லேயே ஒன்று இருந்தது. கல்கத்தாவில் ஆல்பர்ட் மண்டபத்தில் 1942-ல் காப்பி மணம் எழுந்தது. ஆக, ஏற்காட்டுக் குடியானவன் பறித்த பழத்திற்கும் வங்காளக் கவிஞனின் மாலைப் பொழுதிற்கும் முடிச்சுப் போட்டது ஒரு போர்! வங்காளிக்குக் காப்பி தெரியாது என்னும் நம்மவர், தெரிவிக்க வேண்டுமென்று ஒரு வாரியமே பாடுபட்டதை அறிந்தால் ஒருவாறு மகிழ்வர்.

வெள்ளைச் சீருடையும், இடையில் அகன்ற கச்சையும், விசிறி மடிப்பு விரிந்த தலைப்பாகையுமாகப் பரிசாரகர் வந்தார். அப்பெண், “மூன்று இன்பியூஷன்” என்றாள். பாலில்லாத கறுப்புக் காப்பிக்கு இங்கே அதுதான் பெயர். நம் வீட்டு டிகாக்ஷனின் தூரத்து உறவு. மிகத் தூரத்து உறவு. பெரியவர் ஒரு வாய் அருந்திவிட்டு, “இதற்குப் பெயர் காப்பியா அம்மா?” என்றார்.

“காப்பிக்காக யாரும் இங்கே வருவதில்லை, மாமா” என்றாள் அவள்.

உண்மைதான். பால்காப்பி சற்றுத் தேவலை. குளிர்ந்த காப்பி இளைஞருக்குப் பிடிக்கும். பக்கோடா நன்றாகவே இருந்தது. புலால் உண்போர் கோழிக் கவிராஜியைப் புகழ்கின்றனர். முட்டை நுரையில் வலை பின்னியதுபோன்ற மேலுறையிட்ட கட்லெட் அது. நாம் கண்ணால் கண்டதோடு சரி. ஆனால் எம்மை வியப்பிலாழ்த்தியது வேறொன்று. பக்கத்து மேசையில் நால்வர், எதிரே இரண்டே கோப்பைகள், அவையும் காலி. நாம் வருமுன்பே அமர்ந்திருந்தனர். நாம் எழுந்தபோதும் அமர்ந்திருந்தனர். யாரும் அவர்களை எழுப்பவில்லை. ‘வேறென்ன வேண்டும்’ என்று அதட்டும் பாவனையில் ஒருவரும் வந்து நிற்கவில்லை. நம் ஊர் ஓட்டல்களில் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் வந்து நின்று நம் கடைசிக் கவளத்தை எண்ணுவாரே, அக்காட்சி நினைவுக்கு வந்தது.

இத்தகைய தாராளம் எந்த முதலாளிக்குக் கட்டுப்படியாகும்? கட்டுப்படியாகவில்லை என்பதுதான் வரலாறு. 1950-களின் பிற்பகுதியில் வாரியம் தன் காப்பி நிலையங்களை மூடத் தலைப்பட்டது. தொழிலாளர் வேலையிழந்தனர். ஏ. கே. கோபாலனின் ஊக்கத்தால் அவர்கள் பல நகரங்களில் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, தாம் பரிமாறிய நிலையங்களைத் தாமே நடத்த முன்வந்தனர். முதற்சங்கம் 1957-ல் பெங்களூரில் தோன்றிற்று. கல்லூரித் தெரு நிலையமும் 1958-ல் மூடும் நிலைக்கு வந்தது. அப்போது பிரசிடென்சிக் கல்லூரிப் பேராசிரியரும் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரும் அரசுக்கு விண்ணப்பம் விடுத்தனர். அவ்வாண்டே கதவு மீண்டும் திறந்தது. இன்று நடத்துவது தொழிலாளர் கூட்டுறவுச் சங்கமே. பேராசிரியர்கள் ஒரு காப்பிக் கடைக்காக விண்ணப்பம் எழுதியதை நகைப்பவர் நகைக்கலாம். வகுப்பறையில் சொல்லித்தர இயலாத சிலவற்றை மாணவர் அங்கே கற்றுக்கொள்வதை அவர்கள் அறிந்திருந்தனர் போலும்.

அங்கே அமர்ந்தோர் பட்டியல் நெடிது. 1953-ல் தொடங்கிய ‘கிருத்திபாஸ்’ கவிதை இதழைச் சார்ந்த சுனில் கங்கோபாத்யாயும் தோழரும் அம்மேசைகளுக்கு உரியோர். 1960-களில் அமெரிக்கக் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் இங்கே வந்து அவர்களோடு அளவளாவினார். சத்யஜித் ராயையும் கல்லூரித் தெருவார் உரிமை கொண்டாடுவர். ஆயினும் அவரும் அவருடைய திரைப்படக் கழக நண்பரும் மிகுதியாகக் கூடியது சித்தரஞ்சன் சாலையிலுள்ள மற்றொரு காப்பி ஹவுசில் என்பதே பொருந்தும். மன்னா தே 1983-ல் பாடிய பாட்டொன்று வங்காளிகளுக்கெல்லாம் மனப்பாடம். இங்கே நாள்தோறும் கூடிய நண்பர்கள் பிரிந்து, ஒருவன் பாரிசிலும் ஒருவன் டாக்காவிலுமாகச் சிதறிப்போனதைச் சொல்வது அது. ஊர்விட்டு ஊர் வந்தவர்களாகிய நமக்கு அப்பாட்டின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

வங்காளியர் இவ்வாறு கூடிப் பேசுவதை ‘அட்டா’ என்பர். நம் திண்ணைப் பேச்சுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். நமக்கோ, அடுக்குமாடிக் குடியிருப்புகள் வந்ததும் திண்ணை போயிற்று.

இரண்டாம் கோப்பை வந்தபின் பெரியவர் அப்பெண்ணிடம் கேட்ட கேள்வியால்தான் இப்பகுதியை எழுத நேர்ந்தது. “இவ்வளவு தூரம் வந்து நாள்தோறும் இங்கே உட்காருகிறாய். நம் சங்கம் உன் வீட்டிலிருந்து நடக்கும் தொலைவு. கடைசியாக அங்கே எப்போது வந்தாய், குழந்தாய்?”

பத்து வயதில் பொங்கல் விழாவில் ஆடியதாக அவள் சொன்னாள். பிறகு, சற்றுத் தயங்கி, “சங்கத்துக்கு அழைப்பிதழ் வந்தால்தான் வரலாம், மாமா. வந்தால் எல்லோரும் மேடையைப் பார்த்து உட்கார வேண்டும். இங்கே நாற்காலிகள் ஒன்றையொன்று பார்த்துப் போட்டிருக்கின்றன” என்றாள்.

பெரியவர் மறுமொழி கூறவில்லை. நாமும் கூறவில்லை. மேல்மாடத்திலிருந்து கீழே பார்த்தோம். ஒவ்வொரு மேசையையும் சுற்றி ஒரு வட்டம். எந்த வட்டத்துக்கும் தலைவர் இல்லை, நன்றியுரை இல்லை.

நம் மண்டபத்தின் நிலையை உறுப்பினர் அறிவர். பெரியோர் நன்கொடை திரட்டிக் கட்டியது. கச்சேரி, சொற்பொழிவு, ஆண்டுவிழா நாட்களில் விளக்கெரியும். ஏனைய நாட்களில் நாற்காலிகள் சுவரோரம் அடுக்கப்பட்டுக் கிடக்கும். கூரை பழுதுபார்க்கப் பணம் வேண்டும், மின்கட்டணம் ஏறிவிட்டது. ஆகவே ஆண்டில் பெரும்பாலான நாட்களுக்குத் திருமணங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்னும் தீர்மானம் செயற்குழுவின்முன் இருக்கிறது. அதனை நாம் பழிக்க மாட்டோம். கூரை ஒழுகும் மண்டபத்தில் எவரும் கூடார். ஆயினும் குத்தகை எழுதும்போது, வாரத்தில் ஒரு மாலையை விலக்கி வைக்க வேண்டுமென்று வற்புறுத்துகிறோம். அன்று நிகழ்ச்சி வேண்டா, அழைப்பிதழ் வேண்டா, ஒலிபெருக்கி அறவே வேண்டா. பத்து மேசைகளைச் சுற்றி நாற்காலிகள், ஊரிலிருந்து வந்த பத்திரிகைகள், ஒரு பெரிய பித்தளை வடிகட்டி, அவ்வளவே. காப்பியை நம் முறைப்படி போடலாம். அதில் மட்டும் ஆல்பர்ட் மண்டபத்தைப் பின்பற்ற வேண்டியதில்லை. முதல் சில வாரங்கள் நால்வர்தாம் வருவர். அந்நால்வரைப் பார்த்து, “நேரமாயிற்று, விளக்கை அணைக்க வேண்டும்” என்று காவற்காரர் சொல்லாதிருக்கச் செயற்குழு பார்த்துக்கொள்ள வேண்டும்.

கருத்து வேறுபடும் அன்பர் நமக்கு எழுதுக. அடுத்த இதழில் வெளியிடுவோம். வாடகைத் தீர்மானம் வரும் செயற்குழுக் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்படுவதால் கடிதங்கள் அதற்குமுன் வந்து சேர வேண்டும். பிள்ளைகளும் எழுதலாம், வங்காளியிலோ ஆங்கிலத்திலோ எழுதினாலும் தமிழாக்கி இடுவோம்.

காப்பி ஹவுசைக் காண விழையும் குடும்பத்தார்க்கு ஒரு சொல். ஞாயிற்றுக்கிழமையில் கல்லூரித் தெருப் புத்தகக் கடைகள் பெரும்பாலும் மூடிக் கிடக்கும். ஆகவே சனிக்கிழமையே ஏற்றது. முழங்கால் நோவுள்ள பெரியோர் படிக்கட்டை மனத்திற்கொள்க. மின்தூக்கியை எதிர்பார்க்க வேண்டா. மேல்மாடத்தில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். வாங்கும் புத்தகங்களுக்கு ஒரு துணிப்பை எடுத்துச் செல்வது நலம்.