எந்தப் பட்டம் செல்லும்?

குழந்தைகளே, பட்டம் வாங்கியும் அரசு வேலைக்கு அது செல்லாமல் போகுமா? போகும்!

ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில், தீப்பெட்டி, பட்டாசு வேலைக்காகப் படிப்பை நிறுத்திய அண்ணன், அக்காக்களை நீங்கள் அறிவீர்கள். முன்பு சில திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள், 18 வயதானால் போதும் என்று, பிளஸ் 2 முடிக்காதவர்களையும் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொண்டன. பலர் ஆசையோடு படித்துப் பட்டம் பெற்றனர்.

ஆனால், 2009-ல் தமிழக அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பத்தாம் வகுப்பு, பிளஸ் 2, அதன்பின் பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் திறந்தநிலைப் பட்டம் அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் செல்லும் என்றது. வறுமையால் பள்ளியை விட்டவர்களுக்கு இது பெரிய அடி. ஆனாலும், எல்லாரையும் ஒரே அளவுகோலால் அளப்பது பொதுத்தேர்வுதானே!

அப்படியானால், படிப்பை விட்டவர்களுக்கு வழியே இல்லையா? உண்டு. பன்னிரண்டரை வயது நிரம்பியவர்கள், எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். பிறகு பத்தாம் வகுப்பு, அடுத்து மேல்நிலைத் தேர்வு என்று ஒவ்வொரு படியாக ஏறலாம். பொதுத்தேர்வில் தோற்றவர்களுக்குத் துணைத்தேர்வும் நடக்கிறது.

உங்கள் வீட்டில் பாதியில் நின்றவர் இருந்தால், இந்தச் செய்தியை இன்றே வாசித்துக் காட்டுங்கள். குறுக்கு வழி வேண்டாம். ஒரு படியையும் தாண்டிக் குதிக்க வேண்டாம்!